கம்ப்யூட்டர் கோப்புகளுக்குப் பூட்டு: எது உண்மையில் பூட்டு, சாவியை எங்கே வைப்பது

விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்துபோன லேப்டாப்பைத் திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் அலட்டிக்கொள்ள மாட்டார். "உள்ள இருக்கிற ஃபைலும் வேணுமா, ஓ.எஸ். மட்டும் மாத்தினாப் போதுமா அண்ணாச்சி?" என்று ஒரே கேள்விதான். ஃபைலும் வேண்டும் என்றால் உபுண்டு என்ற வேறொரு ஓ.எஸ். ஏற்றிய பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்புவார். இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிளில் மாட்டித் தன் கம்ப்யூட்டரில் திறப்பார். பத்து நிமிடத்தில் பத்திர நகல், வருமான வரிக் கணக்கு, கல்யாண ஃபோட்டோ எல்லாம் வெளியே வந்துவிடும். உங்கள் பாஸ்வேர்டை அவர் உடைக்கவில்லை. அதை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

லாகின் பாஸ்வேர்டு என்பது வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி மாதிரி. பின்பக்கச் சுவரே இல்லாத வீட்டில் அவர் என்ன செய்ய முடியும்? டிஸ்க்கில் எழுதப்படும் எழுத்தையே புரியாத குப்பையாக மாற்றி எழுதினால்தான் கழற்றிக் கொண்டுபோனவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அதுதான் என்கிரிப்ஷன். ஃபோல்டரை மறைத்து வைக்கிறேன் என்று சொல்லும் இலவச 'ஃபோல்டர் லாக்' ஆப்களில் பல இதைச் செய்வதில்லை. வெறுமனே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும், அவ்வளவுதான். உபுண்டுவில் திறந்தால் அந்த ஃபோல்டர் பளிச்சென்று தெரியும்.

உடைக்க முடியுமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். இன்று பரவலாகப் பயன்படுவது ஏ.இ.எஸ். என்ற முறை, பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்தது, 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. அதன் 128 பிட் சாவிக்கு எத்தனை வாய்ப்புகள் என்றால், 34 எழுதிப் பின்னால் 37 சுழியம் போட வேண்டும். நொடிக்கு லட்சம் கோடி சாவிகளைப் போட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கும் ஒரு லட்சம் கோடி கோடி ஆண்டுகள் ஆகும். ஆக, பூட்டை யாரும் உடைக்கப் போவதில்லை. பாஸ்வேர்டை ஊகிப்பார்கள், எழுதி வைத்த சாவியை எடுப்பார்கள், அல்லது பூட்டாமல் விட்ட இன்னொரு நகலைத் தேடுவார்கள். கீழே சொல்வது முழுக்க இந்த மூன்றைப் பற்றித்தான்.

முதலில் முழு டிஸ்க்

விண்டோஸ் 11 ஹோம் என்றால் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்'. புரோ என்றால் கன்ட்ரோல் பேனலில் 'பிட்லாக்கர் டிரைவ் என்கிரிப்ஷன்'. இரண்டுக்கும் உள்ளே ஒரே எஞ்சின்தான். புது லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்ததுமே இது தானாக ஆன் ஆகியிருக்கும். பல பேருக்கு அது தெரியாது, அதுவே பின்னால் தலைவலியாகும். ஹோமில் அந்த வரியே காணோம் என்றால் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்பதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து கீழே போங்கள். டிவைஸ் என்கிரிப்ஷன் சப்போர்ட் என்ற வரியில், ஏன் இல்லை என்ற காரணமே எழுதியிருக்கும். பெரும்பாலும் சாவியைக் காத்து வைக்கும் டி.பி.எம். என்ற சிப் இல்லை, அல்லது கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள்.

புரோவில் ஆன் செய்யும்போது 'இதுவரை எழுதிய இடம் மட்டும்' என்றும் 'முழு டிரைவ்' என்றும் இரண்டு வழி கேட்கும். புது டிஸ்க்குக்கு முதலாவது போதும். ஏற்கெனவே ஃபைல் போட்டு அழித்துப் புழங்கிய டிஸ்க் என்றால் முழு டிரைவைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் அழித்த ஃபைல்களின் எச்சம் 'காலி' இடத்தில்தான் கிடக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகலாம். நடுவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். திரும்ப ஆன் செய்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுவரை வேலையும் பார்க்கலாம்.

இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் லோக்கல் அக்கவுண்டில் ஓடும் ஹோம் லேப்டாப். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். ஆனால் டிரைவ் படத்தின் மேல் மஞ்சள் முக்கோணம் தெரியும், 'வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்' என்று சொல்லும். சாவி அதே டிஸ்க்கில் திறந்தபடி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். பூட்டு போட்டு, சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை. இரண்டு, சாதாரண அமைப்பில் லேப்டாப் ஆன் ஆகும்போது டி.பி.எம். சிப் தானே டிஸ்க்கைத் திறந்துவிடும்; அதன் பிறகு காவல் லாகின் பாஸ்வேர்டு மட்டுமே. அது 1234 என்றால் மற்றதெல்லாம் வீண். டி.பி.எம். தனிச் சிப்பாக இருக்கும் சில மாடல்களில், அதற்கும் பிராசஸருக்கும் நடுவில் ஓடும் கம்பியை ஒட்டுக் கேட்டு சாவியை எடுத்துக் காட்டியும் இருக்கிறார்கள். புரோ வைத்திருப்பவர்கள் விண்டோஸின் நுணுக்க அமைப்புகள் இருக்கும் குரூப் பாலிசியில், பிட்லாக்கர் பகுதியின் 'ஆபரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ்' கீழே 'ரிக்வயர் அடிஷனல் ஆதென்டிகேஷன் அட் ஸ்டார்ட்அப்' என்பதை எனேபிள் செய்து, ஆன் ஆகும்போதே ஒரு பின் எண் கேட்க வைக்கலாம். ஆறு இலக்கம் போதும். தவறாகப் போடப் போட டி.பி.எம். தானே பூட்டிக்கொள்வதால் அங்கே சின்ன எண்ணும் தாங்கும். பென்டிரைவிலோ ஜிப் ஃபைலிலோ அப்படிப் பூட்டிக்கொள்ளும் சிப் எதுவும் கிடையாது. அங்கே ஆறு இலக்கம் போடுவது போடாததற்குச் சமம்.

48 இலக்கம்

பிட்லாக்கரின் ரெகவரி கீ என்பது 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கட்டம். பயாஸ் அப்டேட் போட்டாலோ, பூட் வரிசையை மாற்றினாலோ, மதர்போர்டை மாற்றினாலோ நீலத்திரையில் இதைக் கேட்கும். இல்லையென்றால் ஃபைல்கள் போனது போனதுதான். கடைக்காரரும் கையை விரிப்பார், மைக்ரோசாஃப்டும் கையை விரிக்கும். பயாஸ் அப்டேட்டுக்கு முன்னால் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தவர்களுக்கு அந்த அக்கவுண்டின் டிவைஸஸ் பக்கத்தில் கீ இருக்கும். அதாவது ஒரு சாவி அந்தக் கம்பெனியிடமும் இருக்கிறது. திருடனுக்கு எதிராக என்றால் இதில் கவலையில்லை. அப்படி இருக்கவே கூடாது என்பவர்கள் புரோவில் கீயைப் பிரிண்ட் எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். எதுவானாலும் காகிதத்தில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும். அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டு மறந்து, ஓ.டி.பி. போகும் பழைய சிம்மும் இல்லாமல் நிற்பது அடிக்கடி நடப்பது.

கையால் எழுதினால் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. எட்டுக் கட்டத்தில் ஒவ்வொரு ஆறிலக்க எண்ணும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். ஃபோன் கால்குலேட்டரில் ஒவ்வொரு கட்டத்தையும் 11-ஆல் வகுங்கள். புள்ளி வந்தால் எங்கோ 1-ஐ 7 என்றோ, 3-ஐ 8 என்றோ எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் பிடித்துவிடும். கூடவே, கீயோடு சேர்த்துக் காட்டும் அடையாளக் குறியான கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தையும் எழுதுங்கள். இரண்டு லேப்டாப் உள்ள வீட்டில் எது எதற்கு என்று பிறகு அதை வைத்துத்தான் தெரியும்.

அந்தக் காகிதத்தை எங்கே வைப்பது? 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லேப்டாப்பும் கீ எழுதிய காகிதமும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தால் இரண்டும் ஒரே தண்ணீரில் போகும். இன்னொன்றும் உண்டு: நனைந்த லேப்டாப்பில் மதர்போர்டு செத்து டிஸ்க் பிழைப்பது சாதாரணம். மதர்போர்டோடு டி.பி.எம். சிப்பும் செத்துவிடுவதால், அப்போது அந்த 48 இலக்கம் மட்டுமே வழி. ஆகவே இரண்டு பிரதி. ஒன்று வீட்டில், தரையிலிருந்து உயரத்தில். மற்றொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ, ஒட்டிய கவருக்குள், மேலே உங்கள் பெயர் மட்டும் எழுதி. இங்க்ஜெட் பிரிண்டும் ஜெல் பேனாவும் நனைந்தால் கரையலாம்; பென்சிலும் லேசர் பிரிண்டும் நிற்கும்.

ரகசியப் பெட்டி: வெராகிரிப்ட்

டிஸ்க் முழுதும் பூட்டியிருந்தாலும், கம்ப்யூட்டர் ஓடும்போது எல்லாம் திறந்தே கிடக்கும். கடையில் நாலு பேர் புழங்கும் கம்ப்யூட்டரில் கட்சிக்காரர்களின் பத்திர நகலை வைத்திருக்கும் எழுத்தருக்கோ, ஆடிட்டர் ஆஃபீஸுக்கோ அது போதாது. தனிப் பெட்டி ஒன்று வேண்டும். அதற்கான மென்பொருள் வெராகிரிப்ட்; இலவசம், மூல நிரலும் வெளிப்படை. பழைய ட்ரூகிரிப்ட்டிலிருந்து 2013-இல் கிளைத்தது. ட்ரூகிரிப்ட் 2014-லேயே நின்றுபோனது, பழைய கம்ப்யூட்டரில் அது இருந்தால் மாறிவிடுங்கள்.

'கிரியேட் வால்யூம்' அழுத்தி, 'என்கிரிப்டட் ஃபைல் கன்டெய்னர்', பிறகு 'ஸ்டாண்டர்டு' என்று தேர்ந்தெடுங்கள். அடுத்து ஃபைலைக் காட்டச் சொல்லும் இடத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். 'எந்த ஃபைலைப் பூட்ட வேண்டும்' என்று கேட்பதாக நினைத்துத் தங்கள் ஃபைலையே காட்டிவிடுவார்கள். அது கேட்பது புதுப் பெட்டிக்குப் பெயர். இருக்கும் ஃபைலைக் காட்டினால் அதன் மேலேயே பெட்டியை எழுதி அழித்துவிடும். இல்லாத ஒரு புதுப் பெயரைக் கொடுங்கள். முறை ஏ.இ.எஸ்., பாஸ்வேர்டை அரைக்கும் 'ஹாஷ்' எஸ்.எச்.ஏ.-512, இரண்டையும் அப்படியே விடலாம். அளவு, ஆவணங்களுக்கு 5 ஜிபி தாராளம். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் வைப்பீர்களா என்று கேட்டால், வீடியோ வைப்பவர்கள் ஆம் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஃபேட் முறையில் அமைத்துப் பெரிய ஃபைலை ஏற்காது. கடைசியில் பச்சைக் கோடு நிறையும்வரை மவுஸைக் கன்னாபின்னாவென்று ஆட்டச் சொல்லும். விளையாட்டில்லை, அந்த அசைவிலிருந்துதான் சாவிக்கான தற்செயல் எண்களைச் சேர்க்கிறது.

பிறகு ஒரு டிரைவ் எழுத்தைத் தேர்ந்தெடுத்து 'மவுண்ட்' செய்தால் பெட்டி இன்னொரு டிரைவாகத் தெரியும். பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் சில நொடி காக்க வைக்கும். காரணம், அந்தப் பாஸ்வேர்டை எஸ்.எச்.ஏ.-512-இல் 5 லட்சம் சுற்று அரைத்துத்தான் சாவியாக்குகிறது. உங்களுக்கு ஓரிரு நொடி. ஊகித்துப் பார்ப்பவனுக்கு ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே அரைப்பு. வேலை முடிந்ததும் 'டிஸ்மவுண்ட்', பதிப்பைப் பொறுத்து 'அன்மவுண்ட்'. திறந்தபடி கரண்ட் போனாலோ பென்டிரைவைப் பிடுங்கினாலோ கெடுவது பூட்டு அல்ல, உள்ளிருக்கும் ஃபைல் அமைப்பு. யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பில் இதை மனதில் வையுங்கள். டூல்ஸ் மெனுவில் 'பேக்அப் வால்யூம் ஹெடர்' இருக்கிறது. அதையும் ஒருமுறை எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பெட்டியின் தலைப்பகுதி கெட்டுப்போனால் சரியான பாஸ்வேர்டும் வேலை செய்யாது.

கூகுள் டிரைவ் ஃபோல்டருக்குள் இந்தப் பெட்டியை வைப்பவர்களுக்கு ஒரு பொறி. உள்ளே எதை மாற்றினாலும் பெட்டி ஃபைலின் தேதியை மாற்றாமல் விடுவது வெராகிரிப்ட்டின் இயல்பு அமைப்பு. எதுவும் மாறவில்லை என்று நினைத்து கூகுள் டிரைவ் பழைய பிரதியையே வைத்திருக்கக்கூடும். பிரிஃபரன்ஸஸில் அந்த டிக்கை எடுத்துவிடலாம். ஆனால் மேகக் கிடங்குக்கு கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருள் இன்னும் பொருத்தம்; ஃபைல் ஃபைலாகப் பூட்டுவதால் மாறியதை மட்டும் ஏற்றும்.

அனுப்புவதற்கு 7-ஜிப்

7-ஜிப் என்பது ஃபைல்களைச் சுருக்கி ஒரே பொட்டலமாகப் பூட்டும் மென்பொருள். ஃபைலை ரைட் கிளிக், 'ஆட் டு ஆர்க்கைவ்', வடிவம் 7இசட், பாஸ்வேர்டு இரண்டு முறை, 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' டிக். இந்த டிக் இல்லையென்றால் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாவிட்டாலும் பெயர்ப் பட்டியல் தெரியும். 'விவாகரத்து மனு' என்ற பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுமே. வடிவம் ஜிப் என்று வைத்தால் முறை 'ஜிப்கிரிப்டோ' ஆகிவிடாமல் பாருங்கள். அதன் பலவீனம் 1994-லேயே வெளிப்பட்டது. உள்ளே உள்ள ஒரு பகுதி என்னவென்று தெரிந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் மற்றதைத் திறக்க முடியும். பெறுபவர் ஆண்ட்ராய்டு ஃபோனில் இஸட்ஆர்க்கைவர் என்ற ஆப்பில் திறக்கலாம். ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாஸ்வேர்டை ஃபோனில் சொல்லுங்கள். ஒரே சாட்டில் அடுத்தடுத்து அனுப்பாதீர்கள்.

எக்செலில் 'புரொடெக்ட் ஷீட்' பூட்டே அல்ல. யாரும் தெரியாமல் கட்டத்தை மாற்றிவிடாதபடி ஒரு தடுப்பு, அவ்வளவே. 'ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்ற வழிதான் உண்மையான என்கிரிப்ஷன். அதுவும் புது வடிவத்தில் சேமித்தால் மட்டும், பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தின் பூட்டு இன்றைக்குத் தாங்காது.

இ-ஆதார் பி.டி.எஃப்.-ஐப் பூட்டியிருக்கிறார்களே என்று நம்பி மெயிலில் விட்டு வைப்பவர்கள் அந்தப் பாஸ்வேர்டை யோசிக்க வேண்டும்: ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருடம். நம் பக்கத்து இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிராஜ் எல்லோருக்கும் அந்த நான்கு எழுத்து ஒன்றே. 'ஐ'யா 'ஈ'யா என்று இரண்டு எழுத்துக்கூட்டு, நூறு வருடம், ஆக 200 முயற்சி. கையாலேயே போட்டுப் பார்க்கலாம். அதை எடுத்ததும் 7இசட்டிலோ பெட்டியிலோ போடுங்கள்.

பாஸ்வேர்டு

நொடிக்கு ஆயிரம் ஊகம் போடும் கருவி என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். பிறந்த தேதி, நூறு வருடத்துக்கும் சேர்த்து 36,500; 37 நொடி. பைக் நம்பர், டி.என்.72-க்குப் பின் இரண்டு எழுத்து நான்கு எண், ஏறத்தாழ 67.6 லட்சம், இரண்டு மணி நேரத்துக்குள். செல் நம்பர் 400 கோடி, 46 நாள். ஆனால் உங்களைத் தெரிந்தவன் முதல் முயற்சியிலேயே உங்கள் நம்பரைத்தான் போடுவான். குலதெய்வத்தின் பெயரும் பிள்ளையின் பெயரும் அப்படியே.

ஒரு தடித்த புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் படும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள முதல் பெயர்ச்சொல்லை எடுங்கள். இப்படி ஆறு சொல். நீங்களாக யோசித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, யோசித்தால் அல்வாவும் அருவியும்தான் வரும். ஒவ்வொரு சொல்லும் 2,000 சொற்களில் ஒன்று என்று கொண்டால், ஆறு சொல்லுக்கு 64 எழுதிப் பின்னால் 18 சுழியம். அதே கருவிக்கு 200 கோடி ஆண்டு. விரல் முழுத் தற்செயலாக விழாது என்று நிறையக் கழித்தாலும் மிச்சம் ஏராளம்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'தாழ்வாரம்' என்பதில் ழகரத்துக்கு இன்று இசட்-எச் போட்டவர் ஆறு மாதம் கழித்து எல் போடுவார். பெட்டி திறக்காது. பாஸ்வேர்டைச் சொல்லாக அல்ல, எழுத்தெழுத்தாகக் காகிதத்தில் எழுதி வையுங்கள். தமிழ்99 தட்டச்சு முறை கை பழகியவர்களுக்கு இன்னும் நல்ல வழி: விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு, தமிழ்99-இல் அடிப்பதுபோல் அந்தச் சொற்களை அடியுங்கள். ந வரும் இடத்தில் அரைப்புள்ளியும், ழ வரும் இடத்தில் சாய்கோடும் தானாக விழும். எழுத்துக்கூட்டுக் குழப்பமே இல்லை. ஃபோனில் திறக்க வேண்டிய ஃபைலுக்கு மட்டும் இது சரிவராது.

பூட்டாமல் கிடக்கும் நகல்கள்

பெட்டிக்குள் போட்டபின் வெளியே இருந்ததை அழித்தால் போதுமா? ரீசைக்கிள் பின், வேர்டின் ஆட்டோ ரெகவர், டவுன்லோட்ஸ் ஃபோல்டர், ஃபோனில் ஸ்கேன் எடுத்த ஆப், ஜிமெயிலின் சென்ட், வாட்ஸ்அப் சாட், கூகுள் ஃபோட்டோஸ் என்று வரிசையாகப் பாருங்கள். 7-ஜிப்புக்குள் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தாலே டெம்ப் ஃபோல்டரில் ஒரு நகல் உண்டாகும். மூடும்போது அழிந்துவிடும், ஆனால் நடுவில் கரண்ட் போனால் அங்கேயே தங்கும். கலெக்டர் ஆஃபீஸ் வாசலில் ஜெராக்ஸ் எடுக்க மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிய ஃபைல் அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் கிடக்கும். பிரிண்ட் வந்ததும் அழிக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. பூட்டிய பென்டிரைவை அங்கே கொண்டுபோய்ப் பாஸ்வேர்டை அடிப்பதைவிட, வேண்டிய ஒரே பக்கத்தைத் தனிப் பென்டிரைவில் பூட்டாமல் கொண்டுபோவது மேல்.

எஸ்.எஸ்.டி.யில் 'மேலே எழுதி அழிக்கும்' மென்பொருள்களை நம்ப வேண்டாம். தேய்மானத்தைப் பரப்புவதற்காக அது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதும்; நீங்கள் மேலே எழுதியதாக நினைத்தது பழைய இடத்தைத் தொட்டே இருக்காது. முழு டிஸ்க்கை முதலிலேயே பூட்டச் சொல்வது இதனால்தான். முதல் நாளிலிருந்தே பூட்டிய லேப்டாப்பை விற்கும்போது ரீசெட் செய்தால் போதும்.

சென்னைக்கு ரயிலேறும்போது லேப்டாப் மூடியைச் சும்மா மூடிவிட்டுப் பையில் வைக்காதீர்கள். ஸ்லீப்பில் சாவி ராம் என்ற தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். ராமைக் குளிரவைத்து அதிலிருந்து சாவியை எடுக்கலாம் என்று 2008-லேயே பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரயில் திருடன் அவ்வளவு மெனக்கெட மாட்டான்தான். ஆனாலும் ஷட்டவுனோ ஹைபர்னேட்டோ செய்ய அரை நிமிடம் போதும்.

இவ்வளவும் செய்து முடித்த அன்றே ஒரு சோதனை: வேறு ஒரு கம்ப்யூட்டரில் வெராகிரிப்ட் போட்டு, பேக்அப் பென்டிரைவில் இருக்கும் பெட்டியை, ஞாபகத்திலிருந்து அல்ல, காகிதத்தைப் பார்த்து அடித்துத் திறந்து பாருங்கள். வீட்டில் இன்னொருவரை அடிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் எந்த எழுத்தில் தடுமாறுகிறாரோ அதை மட்டும் காகிதத்தில் பெரிதாகத் திருத்தி எழுதிவிட்டு, கவரை ஒட்டுங்கள்.